ரோல் பிளேயிங் கேம்: முதல்முறை ஆடப் போகிறவர்களுக்கும் நடத்தப் போகிறவர்களுக்கும்

இந்த விளையாட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும் கேட்பவர் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி, “இதுல யார் ஜெயிப்பாங்க?” என்பதுதான். யாரும் ஜெயிப்பதில்லை, யாரும் தோற்பதில்லை, உட்கார்ந்திருக்கிற எல்லோரும் ஒரே கட்சி என்று சொன்னால், அப்புறம் இதை ஏன் விளையாட்டு என்கிறீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். நியாயமான கேள்விதான். சதுரங்கத்திலோ சீட்டாட்டத்திலோ ஆட்டம் எப்போது முடிகிறது என்று எல்லோருக்கும் தெரியும். இதில் அப்படி ஒரு முடிவு கிடையாது. ஒரு சாயங்காலத்தில் முடிகிற ஆட்டமும் உண்டு, மாதம் இரண்டு முறை கூடி வருஷக்கணக்கில் போகிற ஆட்டமும் உண்டு. அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்கிற ஆசைதான் ஆட்டத்தை நகர்த்துகிறது, அந்த ‘அடுத்து’ யாருக்குமே, நடத்துகிறவருக்குக்கூட, முன்கூட்டித் தெரியாது. இதன் ருசியே அங்கேதான் இருக்கிறது.

விஷயம் இதுதான். மூன்று நான்கு பேர் ஆளுக்கொரு கதாபாத்திரத்தை எடுத்துக்கொள்கிறார்கள்: வாள் வீரன், பூட்டுத் திறப்பதில் கெட்டிக்காரி, மந்திரம் கற்றவன், இப்படி. இன்னொருவர் மட்டும் தனியாக ஒரு கதாபாத்திரம் வைத்துக்கொள்ளாமல், மீதி உலகம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறார். மழை, காடு, ராஜா, சத்திரத்து வேலையாள், குகைக்குள் படுத்திருக்கிற டிராகன் எல்லாம் அவர் பொறுப்பு. அவர்தான் கேம் மாஸ்டர், சுருக்கமாக ஜிஎம். இந்த வகையில் பெயர் பெற்ற ஆட்டமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறவர்கள் டிஎம், அதாவது டன்ஜன் மாஸ்டர், என்பார்கள். ஜிஎம் ஒரு நிலைமையை விவரிக்கிறார். “என்ன செய்றீங்க?” என்று கேட்கிறார். ஆடுபவர்கள் சொல்கிறார்கள். சொன்னது நடக்குமா நடக்காதா என்று சந்தேகமாக இருந்தால் பகடை உருட்டுகிறார்கள். என்ன ஆனது என்று ஜிஎம் சொல்கிறார், அங்கிருந்து மறுபடியும் “என்ன செய்றீங்க?” மூன்று மணி நேரம் இந்தச் சுற்றுதான் ஓடும். நூற்றுக்கணக்கான பக்கங்களில் விதிப் புத்தகங்கள் இருந்தாலும், அவை எல்லாமே இந்தச் சுற்றில் ஏதாவது ஒரு இடத்துக்கு உதவி செய்ய வந்தவைதான். இதைப் பிடித்துக்கொண்டால் மீதியை ஆடிக்கொண்டே கற்றுக்கொள்ளலாம்.

கம்ப்யூட்டரில் இதே பெயரில் வருகிற விளையாட்டுகளை ஆடியவர்களுக்கு வித்தியாசம் சீக்கிரம் பிடிபடும். அங்கே ஒரு காவலாளியை அடிக்கலாம், லஞ்சம் கொடுக்கலாம், பதுங்கிப் பின்பக்கமாகப் போகலாம். இந்த மூன்றையும் யாரோ முன்பே யோசித்து உள்ளே வைத்திருப்பார்கள், நாலாவது வழி இருக்காது. மேசையில் ஆடும்போது ஒருத்தி திடீரென்று, “அவன் செருப்பு எப்படி இருக்கு? அறுந்து போயிருக்கா?” என்று கேட்பாள். ஜிஎம் அதை யோசித்தே இருக்க மாட்டார். ஒரு நொடி யோசித்து, “ஆமா, தைச்சுத் தைச்சுப் போட்டிருக்கான்” என்று சொன்னால் போதும். அந்தக் காவலாளிக்கு மாசக்கணக்கில் சம்பளம் வரவில்லை என்பது அந்த நொடியில் உண்மையாகிவிடுகிறது, ராஜாவின் கஜானா காலி என்பதும் கூடவே உண்மையாகிவிடுகிறது. ஒரு செருப்பைப் பற்றிய கேள்வியிலிருந்து ஒரு ராஜ்ஜியத்தின் கதை கிளம்பிவிட்டது, அதை ஜிஎம் எழுதியும் வைக்கவில்லை, ஆடுபவர் திட்டம் போட்டும் கேட்கவில்லை.

எங்கிருந்து வந்தது இது

வேர் போர் விளையாட்டுகளில் இருக்கிறது. 1824ல் பிரஷ்ய ராணுவத்தில் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி, வரைபடத்தின் மேல் கட்டைகளை நகர்த்தி ஆடும் ஒரு போர்ப் பயிற்சியை வெளியிட்டார். அதில் இரண்டு தரப்புக்கும் நடுவில் ஒரு நடுவர் இருப்பார். தளபதியாக ஆடுபவர் உத்தரவு எழுதிக் கொடுப்பார், நடுவர் அட்டவணையைப் பார்த்து, பகடை உருட்டி, என்ன ஆயிற்று என்று சொல்வார். விதிகள் பெருத்துக்கொண்டே போய் ஆட்டம் நத்தை வேகத்துக்கு வந்தபோது, 1876ல் வெர்டி டு வெர்னுவா என்ற இன்னொரு பிரஷ்ய அதிகாரி, அட்டவணைகளை ஓரமாக வைத்துவிட்டு அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பை நம்பி ஆடலாம் என்றார். விதியா, நடுவரின் தீர்ப்பா என்ற அந்த வழக்கு இன்றைக்கும் ஒவ்வொரு மேசையிலும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

படைகளை நகர்த்துவதிலிருந்து ஒரே ஒரு மனிதராக ஆடுவதற்கு வந்தது அமெரிக்காவில். மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர் 1969ல் நடத்திய ஒரு ஆட்டத்தில், பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஊரில் ஒருவருக்கு மேயர், இன்னொருவருக்கு வங்கிக்காரர் என்று தனித்தனி வேடம் கொடுத்தார். அந்த வட்டத்தில் ஆடிக்கொண்டிருந்த டேவ் ஆர்னசன் அதே யோசனையை மந்திரமும் அரக்கர்களும் உள்ள பிளாக்மூர் என்ற உலகத்துக்குக் கொண்டுபோய், கோட்டைக்கு அடியில் சுரங்க அறைகளை வைத்தார். விஸ்கான்சினில் கேரி கைகாக்ஸ் 1971ல் வந்த செயின்மெயில் என்ற போர் விளையாட்டு விதிகளில் ஏற்கெனவே மந்திரவாதிகளையும் டிராகன்களையும் சேர்த்திருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து 1974ல் வெளியிட்டதுதான் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். முதல் பதிப்பு வெறும் 1000 பெட்டிகள்தான் அச்சானது.

பகடையும் கணக்கும்

கடையில் வாங்கும் பகடைத் தொகுப்பைப் பார்த்தால் முதலில் மிரட்சியாக இருக்கும்: 4, 6, 8, 10, 12, 20 முகங்கள் என்று விதவிதமாக இருக்கும். டி20 என்றால் இருபது முகப் பகடை, டி6 என்றால் ஆறு முகப் பகடை, அவ்வளவுதான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் பெரும்பாலான நேரம் கையில் இருப்பது டி20. மற்றவை பெரும்பாலும் அடி எவ்வளவு பலமாக விழுந்தது என்று பார்ப்பதற்கு.

அந்த ஆட்டத்தில் ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் ஆறு தன்மைகளில் எண்கள் இருக்கும்: உடல் வலு, சுறுசுறுப்பு, தாங்கும் சக்தி, அறிவு, விவேகம், ஈர்ப்பு. 10 என்பது சாதாரண மனிதரின் அளவு. தன்மையின் எண்ணைப் பொறுத்து, உருட்டும்போது கூட்டவோ கழிக்கவோ ஒரு சிறிய எண் கிடைக்கும். 16 இருந்தால் 3 கூட்டலாம், 8 இருந்தால் 1 கழிக்க வேண்டும். பயிற்சி இருக்கிற வேலை என்றால் ஆரம்ப நிலையில் இன்னும் ஒரு 2 சேரும். ஜிஎம் ஒரு இலக்கு எண்ணைச் சொல்வார்: சுலபமான வேலைக்கு 10, நடுத்தரத்துக்கு 15, கஷ்டமானதற்கு 20. டி20ஐ உருட்டி, கூட்ட வேண்டியதைக் கூட்டி, இலக்கைத் தொட்டால் காரியம் நடந்தது. சுறுசுறுப்பு 16 உள்ள, பூட்டுத் திறக்கப் பழகிய ஒருத்தி 5 கூட்டுவாள், இலக்கு 15 என்றால் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், அதற்கான வாய்ப்பு 55 சதவீதம். சூழ்நிலை அவளுக்குச் சாதகமாக இருந்தால், உதாரணமாகப் பக்கத்தில் ஒருவர் விளக்குப் பிடித்துக்கொண்டு உதவினால், இரண்டு டி20 உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். அப்போது வாய்ப்பு 80 சதவீதத்துக்குப் பக்கத்தில் போகிறது. ஆரம்பத்தில் எத்தனையோ பேர் இதைக் கவனிக்காமல் விடுகிறார்கள். கூட இருப்பவருக்கு உதவுவது இந்த விளையாட்டில் நல்ல குணம் மட்டுமில்லை, கணக்காகவும் லாபம்.

ஒரு ஐந்து நிமிடம் கேட்டுப் பாருங்கள்

விளக்கத்தைவிட ஒரு துண்டு ஆட்டத்தைக் கேட்டால் சீக்கிரம் புரியும். நீலி பூட்டுத் திறப்பவள், ஆதன் மந்திரம் கற்றவன், கொற்றன் வீரன். கோட்டையின் பின்வாசலுக்கு வந்திருக்கிறார்கள். ஜிஎம் சொல்கிறார்:

“கதவுல ஒரு பழைய பூட்டு தொங்குது. உள்ளே எங்கேயோ மணி அடிக்குது, விட்டு விட்டு, ஒரே சீரா. உங்க விளக்குல எண்ணெய் ரொம்ப நேரம் தாங்காது. என்ன செய்றீங்க?”

ஆதனாக ஆடுபவன் கேட்கிறான்: “அந்த மணி எதுக்குன்னு எனக்குத் தெரிஞ்சிருக்குமா?”

“நீ துறவிகள் மடத்துல வளர்ந்தவன்னு எழுதியிருக்கே இல்ல? அப்போ உருட்டவே வேண்டாம், உனக்குத் தெரியும். யாராவது சாகக் கிடந்தா, உயிர் போற வரைக்கும் அடிப்பாங்க.”

“அய்யோ. அப்போ மணி நின்னா?”

“ஆமா.”

கொற்றனாக ஆடுபவன், “கதவை உடைச்சிடலாமா?” என்கிறான். “உடைக்கலாம். சத்தம் கோட்டை முழுக்கக் கேட்கும்” என்கிறார் ஜிஎம். நீலியாக ஆடுபவள் தலையை ஆட்டுகிறாள். “வேண்டாம்டா, நான் திறக்கிறேன். சத்தமில்லாம.”

“சரி, 15 வேணும். நடக்கலைன்னாலும் பூட்டு திறக்கும், ஆனா நேரம் பிடிக்கும். உருட்டு.”

பகடை உருண்டு 8ல் நிற்கிறது. “எட்டும் அஞ்சும் பதிமூணு,” என்கிறாள் மெதுவாக.

“பூட்டு திறந்துடுச்சு. நீ கதவைத் தள்ளுற, உள்ளே இருந்து குளிர்ந்த காத்து முகத்துல அடிக்குது. அப்போ கவனிக்கிறீங்க, மணிச் சத்தம் இல்ல.”

மேசையில் யாரும் பேசவில்லை. இந்த மாதிரி ஒரு மௌனத்துக்காகத்தான் நான் இந்த விளையாட்டை நடத்துகிறேன்.

இதற்குள் ஜிஎம் செய்த வேலைகளைப் பாருங்கள். மணியைப் பற்றித் தெரிந்துகொள்ள உருட்டச் சொல்லவில்லை, ஏனென்றால் அது தெரிந்தால்தான் அடுத்த முடிவுக்கு எடை வரும், அதோடு ஆதனாக ஆடுபவன் தன் கதாபாத்திரத்தைப் பற்றி எழுதிய ஒரு வரிக்கு மரியாதை கிடைத்தது. கதவை உடைக்கலாமா என்றதும் முடியாது என்று சொல்லாமல் அதற்கு என்ன விலை என்று மட்டும் சொன்னார். பூட்டு விஷயத்தில், உருட்டுவதற்கு முன்பே இலக்கு எண்ணையும் தோற்றால் என்ன ஆகும் என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார், அதனால் 8 விழுந்தபோது யாருக்கும் ஏமாற்றப்பட்ட உணர்வு வரவில்லை. கடைசியாக, தோல்வி கதையை நிறுத்தவில்லை. கதவு திறந்தது, கதை இன்னும் கனமாகி உள்ளே போனது.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு கெட்ட சாயங்காலத்தில். நடத்த ஆரம்பித்த புதிதில், அன்றைய கதை முழுவதையும் ஒரு ரகசியக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன், அந்தக் கதவைக் கண்டுபிடிக்க நல்ல எண் விழ வேண்டும் என்றும் வைத்துவிட்டேன். நாலு பேரும் உருட்டினார்கள், நாலு பேருக்கும் விழவில்லை. அரை மணி நேரம் வெறும் சுவரைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: பகடையை எடுக்கச் சொல்வதற்கு முன் மனதுக்குள் இரண்டு கேள்வி. நடந்தால் என்ன ஆகும்? நடக்காவிட்டால் என்ன ஆகும்? இரண்டாவதற்குச் சுவாரசியமான பதில் இல்லையென்றால் உருட்டச் சொல்வதே இல்லை, நடந்தது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

ஆடுபவர்களுக்கு

நடிக்கத் தெரிய வேண்டுமா என்று தயங்குபவர்கள் நிறைய. வேண்டாம். குரலை மாற்றிப் பேசுவது பிடித்தவர்கள் பேசட்டும். “கொற்றன் அந்தக் கிழவரிடம் கொஞ்சம் கோபமாக, ஆனால் மரியாதை விடாமல் கேட்கிறான்” என்று வெளியிலிருந்து சொன்னாலும் அது முழுமையான ஆட்டம்தான். யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளலாம். விதி தெரியாவிட்டால், என்ன செய்ய ஆசை என்று சாதாரணத் தமிழில் சொல்லுங்கள், அதை விதிக்குள் கொண்டுவருவது ஜிஎம்மின் வேலை.

கதாபாத்திரத்தை உருவாக்கும்போது எண்களில் மணிக்கணக்காக மூழ்காதீர்கள். கதாபாத்திரத்தின் விவரங்களை எழுதி வைக்கும் தாளான கேரக்டர் ஷீட்டின் ஓரத்தில் இரண்டு வரி எழுதினால் அது எண்களைவிட அதிகம் உதவும்: இவனுக்கு என்ன வேண்டும், இந்தக் கூட்டத்தில் யாரை நம்புகிறான். இரண்டாவது வரியை நான் வற்புறுத்தியே கேட்பேன். ஏனென்றால் புதிதாக ஆடுபவர்களுக்கு ஒரு தனிக்காட்டு ராஜாவை உருவாக்கும் ஆசை வரும், யாரோடும் சேராத, யாரையும் நம்பாத, மூலையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கிற ஆள். கதையில் படிக்கும்போது அவன் அழகு. மேசையில், மற்ற மூன்று பேர் சேர்ந்து ஆட வந்திருக்கும்போது, ஒவ்வொரு முறையும் அவனைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும். அதேபோல, நண்பனின் பையிலிருந்து திருடிவிட்டு “என் கேரக்டர் அப்படித்தான் செய்வான்” என்பது பதிலாகாது. அந்தக் கேரக்டரை அப்படி உருவாக்கியது நீங்கள்தான். கோபக்காரனாக இருக்கலாம், கோழையாக இருக்கலாம், பொய்யனாகவும் இருக்கலாம், ஆனால் இந்த மூன்று பேரோடு நடந்துபோக அவனுக்கு ஒரு காரணம் இருக்க வேண்டும்.

நல்ல ஆட்டக்காரர் என்று நான் யாரைச் சொல்வேன் என்றால், கூட ஆடுபவரைக் கவனிப்பவரை. “நீலி, நீ ரொம்ப நேரமா ஒண்ணும் சொல்லலையே, உனக்கு என்ன தோணுது?” என்று கேட்கிற ஒருவர் இருந்தால் அந்த மேசையின் பாதிப் பிரச்சினைகள் வரவே வராது.

நடத்துபவர்களுக்கு

ஜிஎம் என்றதும் பெரிய எழுத்தாளராக இருக்க வேண்டும், விதிப் புத்தகம் தலைகீழ்ப் பாடமாக இருக்க வேண்டும் என்று நினைத்துப் பல பேர் ஒதுங்கிவிடுகிறார்கள். உண்மையில் வேண்டியது காது கொடுத்துக் கேட்கும் பழக்கம். ஆடுபவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் கவனியுங்கள். “இந்த சத்திரக்காரர்தான் ஒற்றனோ என்னவோ” என்று ஒருவர் முணுமுணுப்பார். நீங்கள் யோசித்து வைத்ததைவிட அது நன்றாக இருந்தால், யாரிடமும் சொல்லாமல் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் அவர் ஒற்றன் என்று வெளிவரும்போது அந்த ஆளின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

தயாரிப்பு விஷயத்தில் ஒன்றே ஒன்று சொல்வேன்: நடக்கப் போவதை எழுதாதீர்கள், நடந்துகொண்டிருப்பதை எழுதுங்கள். முதலில் வீரர்கள் ராஜாவைப் பார்ப்பார்கள், பிறகு காட்டுக்குப் போவார்கள், பிறகு அங்கே துரோகம் தெரியவரும் என்று வரிசையாக எழுதி வைத்தால், அவர்கள் ராஜாவைப் பார்க்காமல் நேராகத் துறைமுகத்துக்குப் போவார்கள், எழுதியதெல்லாம் வீண். அதற்குப் பதில் இப்படி எழுதுங்கள்: கிழவர் ஜமீன்தார் சாகக் கிடக்கிறார், மூத்த மகன் அதை வெளியே சொல்லாமல் மறைக்கிறான், இளைய மகள் கூலிப்படை திரட்டுகிறாள், யாரும் குறுக்கே வராவிட்டால் மூன்றாம் நாள் இரவு கோட்டை வாசலில் சண்டை. இது அவர்கள் எங்கே போனாலும் செல்லும். துறைமுகத்துக்குப் போனால் கூலிப்படை கப்பலில் இறங்குவதைப் பார்ப்பார்கள், சத்திரத்தில் தங்கினால் மகனின் ஆள் வந்து உளவு கேட்பான், ஒன்றுமே செய்யாமல் இருந்தாலும் மூன்றாம் நாள் சண்டை வந்தே தீரும்.

இதோடு நான் எழுதி வைப்பது மிகக் கொஞ்சம். ஆறேழு பெயர்கள், எந்த ஆளுக்கும் ஒட்டாமல் வெறும் பெயர்களாக, ஏனென்றால் “அந்தக் காவலாளி பேர் என்ன?” என்று கேட்காத குழுவை நான் பார்த்ததில்லை, திணறி ஒரு பெயரைச் சொன்னால் அவன் முக்கியமில்லாதவன் என்று தெரிந்துவிடும். அப்புறம், கட்டாயம் தெரிய வேண்டிய ரகசியம் ஒன்று இருந்தால் அதற்கு மூன்று தடயங்களாவது, வெவ்வேறு இடங்களில். ஒன்றைக் கவனிக்க மாட்டார்கள், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது காப்பாற்றும். உலகத்தின் ஆயிரம் வருஷச் சரித்திரத்தை எழுதப் பிடித்தால் எழுதுங்கள், அது ஒரு தனி சந்தோஷம், ஆனால் அது ஆட்டத்துக்கான தயாரிப்பு என்று நினைத்துவிடாதீர்கள்.

விவரிக்கும்போது நீட்ட வேண்டாம். இரண்டு மூன்று வாக்கியம், அதில் கண்ணுக்குத் தெரிவதைத் தாண்டி ஒரு வாசனையோ சத்தமோ இருந்தால் இடம் நிற்கும். பிறகு கேள்வி. “எல்லோரும் என்ன செய்றீங்க?” என்று பொதுவாகக் கேட்டால் சத்தமாகப் பேசுகிறவர்தான் எப்போதும் பதில் சொல்வார், ஆகவே அவ்வப்போது பெயர் சொல்லி ஒருவரிடம் திரும்புங்கள்.

விதி மறந்துபோனால் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு பத்து நிமிடம் ஓட்டாதீர்கள். “இப்போதைக்கு இப்படி வச்சுக்கலாம், அடுத்த தடவைக்குள்ள பார்த்துச் சொல்றேன்” என்று ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டு நகருங்கள். சொன்னபடி பார்த்தும் சொல்லுங்கள். கதாபாத்திரம் சாகுமா பிழைக்குமா என்கிற இடம் மட்டும் விதிவிலக்கு, அங்கே நிறுத்திப் பார்ப்பது நியாயம்.

சண்டையைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. முறை வைத்து ஒவ்வொருவராக நகர்ந்து, ஒரு செயல் செய்து, உருட்டி, அடி கணக்குப் போடுவது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ஒரு சுற்று கதைக்குள் ஆறு நொடிதான், மேசையில் அது கால் மணி நேரம் ஆகலாம். அதனால் ஒருவர் ஆடும்போதே “அடுத்தது நீ, தயாரா இரு” என்று சொல்லிவிடுங்கள், தோற்கப் போகிற எதிரி கடைசி ஆள் வரை நின்று சாகாமல் ஓடட்டும், சரணடையட்டும். சரணடைந்தவனை என்ன செய்வது என்று இந்த நண்பர்கள் வாதாடுவது சண்டையைவிட நன்றாக இருக்கும்.

முதல் கூடலுக்கு முன்னால்

ஆட்டத்துக்கு முன் ஒரு முறை சும்மா கூடிப் பேசுவதற்கு செஷன் ஜீரோ என்று பெயர். பலர் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள், தயவுசெய்து தாண்டாதீர்கள். எந்த மாதிரிக் கதை, எவ்வளவு இருட்டு, எவ்வளவு வேடிக்கை, கதாபாத்திரம் செத்தால் பரவாயில்லையா என்பதை எல்லாம் அப்போதே பேசிவிட வேண்டும். ஒருவர் பயங்கரக் கதையை எதிர்பார்த்து வந்து, இன்னொருவர் கலகலப்புக்கு வந்தால் இரண்டு பேரின் சாயங்காலமும் கெடும்.

இன்னொரு விஷயமும் அப்போதே பேச வேண்டியது. கதையில் வரவே கூடாது என்று யாருக்காவது ஏதாவது இருக்கிறதா? குழந்தைகளுக்குத் தீங்கு, சித்திரவதை, சிலருக்குச் சிலந்திகூட. காரணம் கேட்காமல் எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் ஏதாவது சங்கடமானால் யாரும் நிறுத்தலாம் என்பதற்கு ஒரு வழியும் வைத்துக்கொள்ளுங்கள். பல மேசைகளில் எக்ஸ் என்று எழுதிய ஒரு அட்டையை நடுவில் வைப்பார்கள், அதைத் தொட்டால் அந்தக் காட்சியை விட்டுவிட்டு வேறு பக்கம் போய்விடுவது, விளக்கம் கேட்பதில்லை. இதனால் கதை சப்பென்று ஆகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். என் மேசையில் நடந்தது நேர்மாறு. எங்கே நிற்கும் என்று தெரிந்த பிறகுதான் அமைதியானவர்கள்கூடத் தைரியமாகக் கனமான காட்சிகளுக்குள் வந்தார்கள்.

எதை வைத்து ஆரம்பிப்பது

எல்லோரும் சொல்வது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 2014ல் வந்த ஐந்தாம் பதிப்பை 2024ல் திருத்தி வெளியிட்டார்கள். அதன் அடிப்படை விதிகளை 2023ல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டதால் இலவசமாகவே இறக்கிப் படிக்கலாம். நல்ல ஆட்டம், ஆடத் தெரிந்தவர்கள் எங்கேயும் கிடைப்பார்கள், ஆனால் நினைவில் வைக்க வேண்டியது நிறைய.

இலகுவான பாதை வேண்டுமென்றால் இரண்டு டி6 போதும் என்கிற குடும்பம் ஒன்று இருக்கிறது, 2010ல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்டில் தொடங்கியது. அதே முறையில் மந்திர உலகக் கதைக்கு டன்ஜன் வேர்ல்ட் இருக்கிறது. இரண்டு பகடையையும் கூட்டி 10 அல்லது மேலே என்றால் நினைத்தது நடந்தது, 7 முதல் 9 என்றால் நடந்தது ஆனால் ஒரு விலையோடு, 6 அல்லது கீழே என்றால் சிக்கல். எதுவும் கூட்டாமல் பார்த்தால் 36 சேர்க்கைகளில் 6 மட்டும்தான் முழு வெற்றி, 15 விலையோடு வெற்றி, 15 சிக்கல். நீலியின் பூட்டுக் கதவில் நடந்ததை இந்த முறை விதியாகவே எழுதி வைத்திருக்கிறது, அதனால் புதிய ஜிஎம்முக்கு நல்ல வாத்தியார். இதற்கும் சுருக்கமாக, முழு விதியும் ஒரே பக்கத்தில் அடங்கும் ஆட்டங்களும் உண்டு. ஒரே நாளில் முடியும் ஒன் ஷாட்டுக்கு அவை அருமையாகப் பொருந்தும்.

பகடை கூட இல்லையென்றாலும் கவலை வேண்டாம், போனில் உருட்டலாம். நண்பர்கள் வேறு வேறு ஊர்களில் இருந்தால் வீடியோ காலில் ஆடலாம், ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே வராமல் இருக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும், மற்றபடி ஆட்டம் அதேதான்.

முதல் முறை மூன்று ஆடுபவர்கள், ஒரு ஜிஎம், மூன்று மணி நேரம், ஒரே நாளில் முடியும் கதை. இதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். முடிந்ததும் உடனே எழுந்து போகாமல் ஒரு பத்து நிமிடம், எந்த இடம் பிடித்தது, எந்த இடத்தில் அலுப்பாக இருந்தது என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். ஜிஎம் அதை எழுதிக்கொள்ளட்டும், விளக்கம் சொல்ல வேண்டாம்.

தொடர்ந்து ஆட முடிவு செய்தால், பல கூடல்களாக நீளும் பெரிய கதைகளை, அதாவது கேம்பெயின்களை, கொல்வது டிராகன் இல்லை, தேதி. “அடுத்த வாரம் பார்க்கலாம்” என்று பிரிந்த எத்தனையோ குழுக்கள் மறுபடி கூடவே இல்லை. நாங்கள் இரண்டு ஏற்பாடு செய்துகொண்டோம். எழுந்து போவதற்கு முன் எல்லோரும் போனை எடுத்து அடுத்த தேதியைக் குறித்துக்கொள்வது ஒன்று. நாலு பேரில் மூன்று பேர் வந்தால் ஆட்டம் உண்டு என்பது இன்னொன்று. வராதவரின் கதாபாத்திரம் அன்றைக்குக் காய்ச்சலில் படுத்திருக்கும், அவன் விழித்ததும் என்ன நடந்தது என்று மற்றவர்கள் வாயால் கதை சொல்லித் தெரிந்துகொள்வான்.